தடைக்குத் தயாராதல்: அணு ஆய்வுக்கூடங்களின் ஒரு வரலாறு

1998 மே 13ஆம் தேதி பொக்ரானில் இரண்டாம் முறையாகக் குண்டு வெடித்ததும் இந்திய அரசு வெளியிட்ட அறிக்கை மிகச் சிறியது. மே 11இல் மூன்று, 13இல் இரண்டு. இந்த இரண்டும் ஒரு கிலோடன்னுக்கும் குறைவானவை, 0.5, 0.3 என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். அவ்வளவு சின்ன வெடியை எதற்குப் போட வேண்டும்? அறிக்கை தருகிற காரணம்தான் என் அக்கறை. வடிவமைப்புகளைக் கணிப்பொறியில் இன்னும் திருத்தமாகப் பாவனை செய்வதற்குக் கூடுதல் தரவுகள் தேவை. அவசியமென்று பட்டால் மாறுநிலைக்குக் கீழான சோதனைகளை நடத்தும் திறனும் தேவை. இதோடு திட்டமிட்ட வரிசை முடிந்தது என்றும் அதில் இருந்தது.

மாறுநிலைக்குக் கீழான சோதனை என்பது புளூட்டோனியத்தை வைத்து, சாதாரண வெடிமருந்தால் அதை நசுக்கி, ஆனால் தொடர்வினை தன்னாலேயே தொடர்ந்துபோகிற கட்டத்துக்கு வராமல் நிறுத்திக்கொள்வது. ஆக அந்த அறிக்கையை நேராக வாசித்தால் கிடைக்கிற பொருள் இது: இனிமேல் வெடிக்காமல் இருக்க முடிய வேண்டும், அதற்காக இன்றைக்கு வெடித்தோம். தடை வரப்போகிறது என்று தெரிந்த ஓர் ஆய்வுக்கூடத்தின் மொழி இது. பத்திரிகைகள் அன்றைக்குப் புத்தரையும் சக்தியையும் பற்றி எழுதிக்கிட்டிருந்தன. இந்த வாக்கியத்தை யாரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை.

அப்போ எனக்கு ஆறேழு வயசு. முழுப் பரீட்சை லீவு. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீதியில் பட்டாசு வெடித்த ஒரு நினைப்பு இருக்கிறது. அது குண்டுக்கா கோயில் நோம்பிக்கா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு தமிழ் எம்.ஏ. படிக்கிற காலத்தில் பழைய சிறுபத்திரிகைகளைத் தேடி வாசித்தபோது, குண்டுக்கு எதிராகத் தமிழில் எழுதப்பட்டதில் பெரும்பகுதி இரண்டு விஷயங்களையே பார்த்ததைக் கவனித்தேன்: ஒன்று வெடிப்பு, மற்றொன்று தேசியவெறி. இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சம்பளப் பட்டியல் உண்டு, வாரிசுப் பிரச்சனை உண்டு, அடுத்த பட்ஜெட் பற்றிய கவலை உண்டு. சோதனைத் தடைகளின் வரலாற்றை அந்த நிறுவனத்தின் நாற்காலியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதே இந்தக் கட்டுரை.

1954 மார்ச் 1இல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த பிராவோ குண்டு, எதிர்பார்த்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக, 15 மெகாடன் வெடித்தது. தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் சாம்பல் விழுந்தது. 23 பேர் இருந்தார்கள். வானொலி இயக்குபவரான குபோயாமா அந்தச் செப்டம்பரில் செத்துப்போனார். ஏப்ரல் 2இல் மக்களவையில் நேரு, வல்லரசுகள் சோதனைகளை இருக்கிற இடத்திலேயே நிறுத்திவைக்கும் ஓர் உடன்பாடு வேண்டும் என்று கேட்டார். சோதனைத் தடை என்ற கோரிக்கையை ஓர் அரசு உலக அரங்கில் வைத்தது அதுவே முதல்முறை என்பார்கள். எட்டு வருஷம் கழித்து, 1962 செப்டம்பரில், 83 வயது ராஜாஜி காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமையேற்று வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்தித்தார். கூடப் போனவர்கள் ஆர்.ஆர். திவாகரும் பி. சிவராவும். மேற்கு நாடுகளுக்கு ராஜாஜி போனது அதுவே முதல்முறை. கேட்டது ஒன்றுதான்: சோதனைகளை நிறுத்துங்கள்.

குலக்கல்வித் திட்டத்து ராஜாஜியை நமக்கு நன்றாகவே தெரியும், மறக்கவும் வேண்டாம். சோதனைத் தடைக்காகக் கடல்கடந்து போன ராஜாஜி நம் நினைவில் இல்லை. இவரைக் கொண்டாடச் சொல்லவில்லை நான். அந்தக் கோரிக்கை எந்த மொழியில் பேசியது என்று பார்க்கச் சொல்கிறேன். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் உலகம் முழுக்கச் சோதனை எதிர்ப்பு பேசியது தூசியைப் பற்றி. ஸ்ட்ரான்சியம்-90 புல்லில் விழுகிறது, மாட்டுக்குப் போகிறது, பாலில் வருகிறது, குழந்தையின் எலும்பில் தங்குகிறது. இதை மறுக்கவே முடியாது, அதனாலேயே அது வலுவான வாதம். ஆனால் தூசியே வராமல் வெடிக்க ஒருவனுக்கு வழி கிடைத்துவிட்டால்? 1963 ஆகஸ்ட் 5இல் மாஸ்கோவில் கையெழுத்தான ஒப்பந்தம் காற்றிலும் கடலிலும் விண்வெளியிலும் வெடிக்கத் தடைபோட்டது, பூமிக்கடியில் வெடிக்கலாம். அமெரிக்கா 1945 முதல் 1992 வரை நடத்திய சோதனைகள், பிரிட்டனோடு சேர்ந்து நடத்திய 24ஐயும் சேர்த்து, 1054. இதில் 1963க்கு அப்புறம் நடந்தவையே அதிகம். வெடிப்பு மண்ணுக்குள் போனதும் இயக்கமும் கலைந்துபோனது.

இது தற்செயலா? ஆய்வுக்கூடங்கள் சும்மா இருக்கவில்லை. 1957 ஜூனில் எர்னஸ்ட் லாரன்ஸ், எட்வர்ட் டெல்லர், மார்க் மில்ஸ் மூவரும் ஐசனோவரைப் பார்த்து, இன்னும் ஆறேழு வருஷம் சோதிக்க விட்டால் கதிர்வீச்சுத் தூசி இல்லாத 'சுத்தமான' குண்டைச் செய்துவிடுவோம் என்றார்கள். தூசிதான் எதிரிகளின் வாதம் என்றால், அந்தத் தூசியை ஒழிக்கவே சோதனை வேண்டும்! எதிராளியின் சொல்லை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்ளும் இந்த வித்தையை நாம் இலக்கியத்திலும் நிறையப் பார்த்திருக்கிறோம். அதே 1957இல்தான் லிவர்மோர் கூடம் குண்டால் கால்வாய் வெட்டும், துறைமுகம் தோண்டும் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் பிளவ்ஷேர், ஏர்க்கொழு. ஏசாயா தீர்க்கதரிசியின் வாள் உருமாறும் வாக்கிலிருந்து எடுத்த பெயர். நம் பழைய தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் மண்வெட்டி என்றிருக்கிறது. மொழிபெயர்த்தவர் தீர்க்கதரிசியோ என்னவோ, 1962 ஜூலையில் 104 கிலோடன் குண்டை வைத்து நெவாடாவில் அவர்கள் மண்ணைத்தான் வெட்டினார்கள். குழியின் குறுக்களவு ஏறக்குறைய 390 மீட்டர். ஆயுதச் சோதனை தடைசெய்யப்பட்டாலும் 'அமைதி'ச் சோதனைக்கு ஒரு வாசல் திறந்திருக்கட்டும் என்ற எண்ணம் இதன் பின்னால் இருந்தது.

1958 அக்டோபர் 31இலிருந்து அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும் ஜெனீவாவில் பேச உட்கார்ந்தபடியே சோதனையை நிறுத்திவைத்தன. அதற்கு முந்தைய ஏழு வாரத்தில், செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 30 வரை, நெவாடாவில் மட்டும் 37 சோதனைகள். எங்கள் ஊரில் ஏற்றுமதிக்குக் கோட்டா இருந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள்: வருஷக் கடைசி வந்துட்டா ராத்திரி பகல் இல்லாம பவர் டேபிள் ஓடும், எப்படியாச்சும் ஷிப்மெண்ட் போயாகணும். அதே கதைதான். 1974 ஜூலையில் 150 கிலோடன் வரம்பு விதிக்கும் ஒப்பந்தத்தில் நிக்சனும் பிரஷ்னேவும் கையெழுத்திட்டார்கள். வரம்பு நடைமுறைக்கு வரும் நாள் 1976 மார்ச் 31 என்று வைத்தார்கள். இடைப்பட்ட இருபது மாதத்தில் இரண்டு தரப்பும் பெரிய குண்டுகளையெல்லாம் அவசர அவசரமாக வெடித்துத் தீர்த்தன. ஒரு தடை எந்தத் தேதியிலிருந்து என்று எழுதப்படுகிறதோ, அந்தத் தேதியும் ஆய்வுக்கூடத்தோடு பேசி முடித்த பேரம்.

நிறுத்திவைத்த மூன்று வருஷத்திலும் வேலை நிற்கவில்லை. லாஸ் அலமோஸில் 1960-61இல் மண்ணுக்கடியில் 35 சோதனைகள் நடந்தன. தொடர்வினை துளியூண்டு நடக்கும், வெளிப்படும் அணு ஆற்றல் ஒரு பவுண்டு வெடிமருந்தைக்கூட எட்டாது. குண்டு தவறி விழுந்தால் வெடிக்குமா என்று பாதுகாப்புக்காகப் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்தக் காரணம் பொய்யும் இல்லை. ஆனால் இதை அணுவெடிப்பு என்பதா, வேண்டாமா? வேண்டாம் என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். அந்த அறிக்கையை லாஸ் அலமோஸ் வெளியிட்டது 1987இல். இன்னொரு பக்கம் டெல்லரோடு சேர்ந்து புத்தகம் எழுதிய ஆல்பர்ட் லேட்டர், பூமிக்குள் பெரிய பொந்து செய்து அதன் நடுவில் குண்டை வெடித்தால் நில அதிர்வு பல மடங்கு குறைந்துவிடும், எதிரி ஏமாற்றலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தடையைக் கண்காணிக்கவே முடியாது என்று சொல்ல அது போதுமானதாக இருந்தது. சோவியத் கூடங்களும் கைகட்டி நிற்கவில்லை. 1961 செப்டம்பர் 1இல் அவர்கள் மறுபடி தொடங்கினார்கள், அக்டோபர் 30இல் 50 மெகாடன் குண்டை வெடித்தார்கள். பேச்சுவார்த்தை நடந்த காலத்திலேயே அந்தத் தயாரிப்பும் நடந்தது என்பது வெளிப்படை.

1963 ஒப்பந்தத்துக்குத் தலையசைக்க அமெரிக்கப் படைத் தலைவர்கள் நான்கு காப்புகள் கேட்டு வாங்கினார்கள்: பூமிக்கடிச் சோதனை முழுவீச்சில் நடக்க வேண்டும், ஆய்வுக்கூடங்கள் நவீனமாகப் பராமரிக்கப்பட வேண்டும், வேண்டும்போது காற்றில் வெடிக்கத் தயார்நிலை வேண்டும், கண்காணிப்பு வலுப்பட வேண்டும். இரண்டாவதை மட்டும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தடைக்கு விலையாக ஆய்வுக்கூடத்துக்கு நிரந்தர வாழ்வு. பின்னால் வந்த ஒவ்வொரு தடையிலும் இந்தக் கொடுக்கல்வாங்கல் உண்டு.

இந்தியா எங்கே வருகிறது என்று கேட்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தான மூன்றாம் நாளே, 1963 ஆகஸ்ட் 8இல், இந்தியா கையெழுத்திட்டது. அடுத்த வருஷம் அக்டோபர் 16இல் சீனா வெடித்தது. எட்டு நாள் கழித்து அகில இந்திய வானொலியில் ஹோமி பாபா பேசினார். பத்துக் கிலோடன் வெடிப்புக்கு ஆகும் செலவு பதினேழரை லட்சம் ரூபாய்தான், இரண்டு மெகாடன்னுக்கு முப்பது லட்சம் என்றார். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்கர்கள் பிளவ்ஷேருக்காக வெளியிட்ட விலைப்பட்டியலிலிருந்து. 3,50,000 டாலரை அன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட வரும். உலை, பிரித்தெடுக்கும் ஆலை, ஆள் எதுவும் அந்த விலையில் சேராது. கால்வாய் வெட்ட வாடிக்கையாளர் பிடிக்க லிவர்மோர் அச்சடித்த பட்டியல், டிராம்பேயில் குண்டு மலிவு என்பதற்கு ஆதாரமாக வந்து நின்றது. சாஸ்திரி பூமிக்கடி அமைதி வெடிப்பு பற்றி ஆராய மட்டும் அனுமதித்தார். 1974 மே 18இல் பொக்ரானில் வெடித்ததற்கு 'அமைதி நோக்க அணுவெடிப்பு' என்று பெயர் வைத்தார்கள். பூமிக்கடியில் என்பதால் 1963இல் போட்ட கையெழுத்துக்கும் பங்கமில்லை, அமைதி என்பதால் கொள்கைக்கும் பங்கமில்லை. அது குண்டுதான் என்று ராஜா ராமண்ணாவே 1997இல் ஒத்துக்கொண்டார்.

தமிழ் படித்தவன் என்பதால் எனக்குச் சொற்களின் மேல்தான் முதலில் கண் போகிறது. 1992 செப்டம்பர் 23இல் அமெரிக்கா கடைசியாக வெடித்தது. காங்கிரஸ் நிதிச் சட்டத்தோடு ஒட்டி ஒரு தடையைக் கொண்டுவந்தது. 1995 ஆகஸ்டில் கிளிண்டன் முழுத் தடைக்கு ஒப்புக்கொண்டார். சிட்னி ட்ரெல் தலைமையிலான ஜேசன் குழு, வெடிக்காமலேயே ஆயுதக் கிடங்கைப் பேணலாம் என்று அப்போதுதான் அறிக்கை தந்திருந்தது. ஆய்வுக்கூடங்களுக்கு இதற்கு ஈடாகக் கிடைத்த திட்டத்தின் பெயர் ஸ்டாக்பைல் ஸ்டீவர்ட்ஷிப். ஸ்டீவர்ட்ஷிப் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்ல? பேணல், மேற்பார்வை, எல்லாம் சப்பென்று இருக்கிறது. பழைய விவிலியத்தில் ஒரு சொல் உண்டு: உக்கிராணக்காரன். எஜமானின் பண்டகசாலையைப் பார்த்துக்கொள்கிறவன். லூக்கா பதினாறாம் அதிகாரத்தில் வருகிற உக்கிராணக்காரன் கதை தெரிந்தவர்களுக்கு இங்கே சிரிப்பு வரும். வேலையிலிருந்து நீக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் என்ன செய்கிறான்? எஜமானிடம் கடன்பட்டவர்களைக் கூப்பிட்டு, சீட்டில் தொகையைக் குறைத்து எழுதச் சொல்கிறான். நாளைக்கு வேலை போனால் இவர்கள் வீட்டுக் கதவு திறந்திருக்குமே. எஜமானும் அவனுடைய சாமர்த்தியத்தை மெச்சுகிறான். திட்டத்துக்குப் பெயர் வைத்தவர் இந்தக் கதையை யோசித்திருக்க மாட்டார், ஆனால் சொல் யோசித்திருக்கிறது.

ஆண்டுக்கு சுமார் 450 கோடி டாலர் என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. பெரிய பெரிய கணிப்பொறிகள், ஊடுகதிர்ப் படமெடுக்கும் கருவிகள், நெவாடாவில் மண்ணுக்கடியில் மாறுநிலைக்குக் கீழான சோதனைகள். இதில் முதலாவது 1997 ஜூலை 2இல் நடந்தது, தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. லிவர்மோரில் 192 கற்றைகள் கொண்ட லேசர் ஒன்று. நூறு கோடி டாலரை ஒட்டிச் சொன்ன செலவு 350 கோடியில் வந்து முடிந்தது, 2009இல் திறந்தார்கள். 2022 டிசம்பரில் அது போட்ட லேசர் ஆற்றலைவிட அதிகமான பிணைவு ஆற்றலைக் கொடுத்தபோது உலகப் பத்திரிகைகள் எதிர்கால மின்சாரம் என்று எழுதின. தடைக்காலத்து ஆயுதக்கூடத்துக்குக் கொடுத்த இழப்பீடு அது என்பதை எழுதியவர்கள் குறைவு. ஆறு காப்புகளும் சேர்க்கப்பட்டன. ஆறாவது காப்பின்படி, ஏதாவது ஒரு முக்கிய ஆயுதத்தைப் பற்றி இனி உத்தரவாதம் தர முடியாது என்று ஆய்வுக்கூட இயக்குநர்கள் முதலானோர் சொல்லி அமைச்சர்கள் அறிவித்தால், அதிபர் ஒப்பந்தத்தைவிட்டு வெளியேறலாம். ஒப்பந்தத்தின் உயிர்நாடியை யார் கையில் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். 1999 அக்டோபரில் செனட் விசாரணையில் அந்த இயக்குநர்கள் வெடிக்காமல் முழு உறுதி தருவது கடினம் என்கிற தொனியில் பேசினார்கள்; 13ஆம் தேதி 48-51 என்று ஒப்பந்தம் தோற்றது. வாங்கிய பணம் வாங்கியதுதான்.

பிரான்ஸ் இன்னும் வெளிப்படை. சிராக் 1995 ஜூனில் எட்டுச் சோதனைகளை அறிவித்தார்; செப்டம்பர் தொடங்கி 1996 ஜனவரி வரை பசிபிக் பவளத்தீவுகளில் ஆறு நடந்தது. கணிப்பொறிப் பாவனைக்குத் தேவையான தரவுகளைச் சேர்த்துக்கொண்டு தடையில் கையெழுத்திடுவோம் என்பதே காரணம். நம்முடைய 1998 மே 13 அறிக்கையின் வாசகம் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் இதையும் பார்க்கலாம்.

பூஜ்ஜியம் என்றால் என்ன என்பது அடுத்த சண்டை. முழுத் தடை என்பதற்கு முன்னால், எவ்வளவு வரைக்கும் வெடிக்கலாம் என்று பேரம் நடந்தது. ஆய்வுக்கூடங்கள் நான்கு பவுண்டு என்றன. பென்டகனில் 500 டன் வரை கேட்டவர்கள் இருந்தார்கள். கடைசியில் பூஜ்ஜியம் என்றானது. ஆனால் 1996 ஒப்பந்தத்தில் அணுவெடிப்பு என்றால் என்ன என்பதற்கு வரையறை கிடையாது. திருப்பூர்க்காரனுக்கு இது புதுசில்லை. நொய்யலில் சாயக்கழிவு விடுவதில் முதலில் பேசியது உப்பின் அளவு: லிட்டருக்கு 2100 மில்லிகிராம். பிறகு நீதிமன்றம் 'பூஜ்ஜியக் கழிவு' என்றது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது என்ன, அதற்குக் கீழே நிலம் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் எழுநூறுக்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே நின்றது. சாயப்பட்டறையில் முப்பது வருஷம் நின்ற ஓர் அண்ணனிடம் இந்தக் குண்டுப் பூஜ்ஜியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஜீரோன்னு எழுதிப் போட்டா ஜீரோ ஆயிருமுங்களா தம்பி?" என்று கேட்டார். "தண்ணியப் பூரா எடுத்தாலும் சட்டியில உப்பு நிக்குமல்லங்க, அதய எங்க கொண்டுபோய்க் கொட்டறதாமா?" இரண்டு பூஜ்ஜியமும் ஒன்றில்லை, சாயப் பூஜ்ஜியம் தொழிலாளி வயிற்றிலும் அடித்தது, குண்டுப் பூஜ்ஜியம் விஞ்ஞானிக்குச் சம்பள உயர்வோடு வந்தது. ஆனால் மிச்சம் எங்கே போகிறது என்ற கேள்வி இரண்டுக்கும் பொருந்தும்.

இந்தியாவின் கதைக்கு மறுபடி வருகிறேன். 1993 டிசம்பரில் ஐ.நா.வில் முழுத் தடை வேண்டும் என்ற தீர்மானத்தை அமெரிக்காவோடு சேர்ந்து இந்தியா முன்மொழிந்தது. 1995 மேயில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் காலவரையின்றி நீட்டிக்கப்பட்டது. அந்த டிசம்பரில் நரசிம்மராவ் அரசு பொக்ரானில் தயாரிப்புகளைச் செய்தது, அமெரிக்கச் செயற்கைக்கோள் பார்த்துவிட்டது, நியூயார்க் டைம்ஸ் எழுதியது, நின்றது. 1996 ஜூனில் ஜெனீவாவில் அருந்ததி கோஷ் கையெழுத்திட மாட்டோம் என்று அறிவித்தார். வல்லரசுகள் ஆய்வுக்கூடத்தில் குண்டைத் திருத்திக்கொண்டே இருக்கும், நாங்கள் மட்டும் நிறுத்த வேண்டுமா என்பது அவர் வைத்த வாதங்களில் முக்கியமானது. அது சரியான வாதம். இதுவரை நான் எழுதியதும் அதையேதான் காட்டுகிறது. ஆனால் அந்தச் சரியான வாதத்தைச் சொன்ன வாய் எதுவென்று கேட்க வேண்டும். டிராம்பேயின் பாபா அணு ஆய்வு மையத்துக்கு அன்றைய தேவை கணிப்பொறிப் பாவனையை ஒழிப்பதல்ல. தானும் அந்த வரிசையில் நிற்பதற்கு இன்னும் சில வெடிப்புகள். அதற்கான கால அவகாசம்.

பா.ஜ.க., காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லாரும் கையெழுத்திடக் கூடாது என்பதில் ஒரே குரல். பிரஃபுல் பித்வாய், அச்சின் வனைக் போன்ற ஒருசிலர் குறைபாடுகளோடேயே கையெழுத்திடுவது நல்லது என்று எழுதி ஏகாதிபத்தியத்தின் ஆள் என்று பெயர் வாங்கினார்கள். ஏகாதிபத்திய எதிர்ப்பு என்று நம் தோழர்கள் நினைத்துச் சொன்ன மறுப்பு, இரண்டு வருஷத்தில் வாஜ்பாய் அரசின் கையில் பொக்ரானாக வெடித்தது. 1998இல் இடதுசாரிக் கட்சிகள் வெடிப்பைக் கண்டித்தன, நிஜம். 1996இல் என்ன பேசினோம் என்று திரும்பிப் பார்த்தவர்கள் அரிது. அந்தக் கணக்கு இன்னும் முடிக்கப்படாமல் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் போத்ரியார் வந்தபோது பாவனை என்ற சொல் பெரிய புழக்கத்தில் இருந்தது. நிஜம் ஒழிந்தது, இனிப் பாவனை மட்டுமே என்றெல்லாம். குண்டு விஷயத்தில் அப்படி இல்லை. கணிப்பொறியில் குண்டு வெடிக்க வேண்டுமானால் நிஜக் குண்டு வெடித்த எண்கள் உள்ளே போக வேண்டும். ஆயிரம் முறை வெடித்தவனின் பாவனைக்கும் ஆறுமுறை வெடித்தவனின் பாவனைக்கும் வித்தியாசம் உண்டு. பாவனை என்பது வெடிப்பின் சேமிப்புக் கணக்கு. லிவர்மோரில் களஆய்வு செய்த மானிடவியலாளர் ஹ்யூ கஸ்டர்சன் 1996இல் எழுதிய நூலில் சோதனையை ஒரு சடங்காகவே பார்க்கிறார். இளைய வடிவமைப்பாளர் ஒருவர் தன் குண்டு வெடித்த பிறகே ஆளாகிறார். சடங்கு நின்றுபோனால் குலம் எப்படி நடக்கும்? ஆய்வுக்கூடங்கள் தடைக்குத் தயாராவதில் பாதி இந்தக் கவலைதான்: வெடித்துப் பார்த்தவர்கள் ஓய்வு பெறுவதற்குள் வெடித்தே பார்க்காதவர்களுக்கு ஞானத்தைக் கைமாற்ற வேண்டும். குருகுலம்!

2009 ஆகஸ்டில் நம் ஊரிலும் இந்தக் குலச்சண்டை வெளியே வந்தது. ஒபாமா முழுத் தடை ஒப்பந்தத்தை மறுபடி கையிலெடுத்த வருஷம் அது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் சார்பில் 1998 சோதனையை ஒருங்கிணைத்த கே. சந்தானம், மே 11இல் வெடித்த ஹைட்ரஜன் குண்டு சொன்ன அளவுக்கு வெடிக்கவில்லை என்றார். குழியின் மேலிருந்த சட்டகமே உடையாமல் நின்றதே என்றார். நமுத்துப்போன பட்டாசு. அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது, இன்னும் சோதிக்க வேண்டும். அணுசக்தித் துறையின் முன்னாள் தலைவர் பி.கே. அய்யங்காரும் ஏற்கெனவே சந்தேகப்பட்டவர். எதிர்ப்பக்கம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து டிராம்பே போன ஆர். சிதம்பரம், அனில் ககோட்கர், கூடவே கலாம்: குண்டு 45 கிலோடன் வெடித்தது, தரவு போதும், இனிச் சோதனை வேண்டியதில்லை. வேடிக்கையைக் கவனியுங்கள். குண்டு ஜெயித்தது என்பவர்கள் தடையோடு ஒத்துப்போகலாம் என்கிறார்கள், தோற்றது என்பவர்கள் மறுபடி வெடிக்கச் சொல்கிறார்கள். குண்டு வேண்டாம் என்கிறவனுக்கு இந்தப் பட்டிமன்றத்தில் மேடை இல்லை. வெளிநாட்டு நிலநடுக்க நிலையங்கள் மே 11இல் பதிந்தது அரசு சொன்னதைவிடக் குறைவு என்று பலர் எழுதினார்கள், மே 13 வெடிப்புகள் அவற்றில் பதியவே இல்லை. நமக்குக் கணக்குக் கேட்க இருந்த ஒரே வழி அந்த அதிர்வுதான். அளவை 45ஐத் தாண்டவிடாமல் வைத்ததற்கு ஐந்து கிலோமீட்டரில் இருந்த கேதோலாய் கிராமம்தான் காரணம் என்றும் சொன்னார்கள். அந்தக் கிராமத்துச் சனங்களைச் சில மணி நேரத்துக்கு முன்னால் வெளியே வரச் சொல்லியிருந்தார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீடுகளில் விரிசல். ஹைட்ரஜன் குண்டு வெடித்ததா இல்லையா என்ற விவாதத்தில் அந்தச் சுவர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டதாக நான் வாசிக்கவில்லை.

வெடிப்பு நின்றபின் ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது? நமக்குப் பக்கத்திலேயே. 1962ஆம் வருஷத்து அணுசக்திச் சட்டத்தின் 18ஆம் பிரிவு எதையும் கேட்க முடியாமல் செய்ய ஏற்கெனவே போதுமானதாக இருந்தது. 2000ஆம் ஆண்டில், பொக்ரானுக்கு இரண்டு வருஷம் கழித்து, பாபா அணு ஆய்வு மையத்தின் நிலையங்களை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து அரசு விலக்கியது. அந்த நிலையங்களில் ஒன்று கல்பாக்கத்தில் எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியம் பிரிக்கும் ஆலை. 2003 ஜனவரி 21இல் அங்கே ஒரு வால்வு பழுதாகி, கதிரியக்கம் மிகுந்த கழிவு வரக்கூடாத தொட்டிக்கு வந்து சேர்ந்தது. மாதிரி எடுக்கப் போன தொழிலாளர்கள் ஆறு பேர் அதிகக் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். விஷயம் வெளியே வந்து நிர்வாகம் ஒத்துக்கொள்ள மாதக்கணக்கானது. பாதுகாப்பு வேண்டும் என்று குரல் கொடுத்தது அங்கிருந்த தொழிற்சங்கம். சோதனை எதிர்ப்பு இயக்கங்கள் எதுவும் அந்தச் சமயத்தில் கல்பாக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அங்கே எதுவும் வெடிக்கவில்லையே.

2023 நவம்பரில் ரஷ்யா முழுத் தடை ஒப்பந்தத்துக்குத் தந்த ஒப்புதலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2025 அக்டோபர் 30இல் டிரம்ப் அணு ஆயுதச் சோதனைகளைத் தொடங்கச் சொன்னதாக அறிவித்தார். உலகம் பதறியது. மூன்று நாளில் அவருடைய எரிசக்திச் செயலாளர் கிறிஸ் ரைட் விளக்கம் தந்தார்: அணுவெடிப்பு எதுவும் இருக்காது, மாறுநிலை எட்டாத சோதனைகள்தான், பயப்பட ஒன்றுமில்லை. எல்லாரும் மூச்சு விட்டார்கள். அந்தச் சோதனைகளோ நெவாடாவில் 1997இலிருந்தே நடந்துவருகின்றன.